விலையும் வேலையும்: ஜப்பானிய உணவுக் கூட்டுறவுகள் உழவைத் தாங்கிய விதம்

நகரத்து நுகர்வோர் ஒன்றுசேர்ந்து உழவரிடமிருந்து நேரடியாக உணவுப் பொருள்களை வாங்கும் கூட்டுறவுகளைப் பற்றிப் பேசும்போது, இடைத்தரகரை நீக்கினால் விளைவிப்பவருக்குக் கூடுதல் விலையும் வாங்குபவருக்குக் குறைந்த விலையும் ஒருசேரக் கிடைத்துவிடும் என்று சொல்வது வழக்கம். இந்தக் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டுப்போகிறது. இடைத்தரகர் கமிஷன் பெறுபவர் மட்டும் அல்லர். வயலிலிருந்து சரக்கை ஏற்றுவது, தரம் பிரிப்பது, பணம் திரும்பும்வரை முதலை முடக்கி வைப்பது, விற்காமல் அழுகியதன் நட்டத்தை ஏற்பது ஆகிய வேலைகளையும், நியாயமாகவோ அநியாயமாகவோ, அவரே பார்த்துக்கொள்கிறார். அவர் நீங்கினாலும் அந்த வேலைகள் நீங்குவதில்லை. வேறு யாருடைய தலையிலோ ஏறுகின்றன. யாருடைய தலையில் என்பதே ஓர் உணவுக் கூட்டுறவு நிலைக்குமா, சாயுமா என்பதைத் தீர்மானிக்கிறது. 1965க்குப் பின் ஜப்பானில் வளர்ந்த நுகர்வோர் கூட்டுறவுகளின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், அங்கே உழவருக்குக் கிடைத்த பெரும் நன்மை உயர்ந்த விலை அன்று, விதைக்கும்போதே கைக்கு வந்த வாங்கல் உறுதிதான் என்பதும், அந்த உறுதிக்கான செலவைப் பெரும்பாலும் பெண்களின் ஊதியமற்ற உழைப்பே செலுத்தியது என்பதும் புலப்படும்.

ஜப்பானுக்குக் கூட்டுறவு புதிதன்று. கிறித்தவச் சமூகச் சீர்திருத்தவாதியான ககாவா டொயோஹிகோவின் வழிகாட்டலில் கோபே நகரிலும் அதை அடுத்த நாடா பகுதியிலும் 1921இலேயே வாங்குவோர் சங்கங்கள் தோன்றியிருந்தன. போருக்குப் பின் 1948இல் இயற்றப்பட்ட நுகர்வோர் கூட்டுறவுச் சட்டம் இவற்றுக்குச் சட்ட உரு அளித்ததோடு இரண்டு கடிவாளங்களையும் பூட்டியது: உறுப்பினர் அல்லாதவருக்கு விற்பது பொதுவாகத் தடுக்கப்பட்டது, ஒரு சங்கம் தன் மாகாண எல்லையைத் தாண்டிச் செயல்படுவதும் தடுக்கப்பட்டது. சில்லறை வணிகரின் நலன் கருதிப் போடப்பட்ட இந்தத் தடைகள், கடை திறந்து கூட்டம் சேர்க்கும் வழியை அடைத்ததால், உறுப்பினரை வீடு வீடாகச் சேர்த்து அவர்களிடமே ஆர்டர் பெறும் முறையை நோக்கிக் கூட்டுறவுகளைத் தள்ளின என்று கருத இடமுண்டு.

தொழில்மயத்தின் வேகம் உணவின் மீதான நம்பிக்கையைக் குலைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1955இல் மேற்கு ஜப்பானில் ஆர்சனிக் கலந்த பால்பொடியைக் குடித்து 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே, ஆலைக்கழிவின் பாதரசம் மீன் வழியாக மனித உடலுக்குள் சென்று நரம்புகளைத் தாக்கும் மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. மறுபுறம், 1961இன் வேளாண் அடிப்படைச் சட்டம் சிறு உழவரை ஒரே பயிரில் கவனம் செலுத்தவும், இயந்திரத்தையும் வேதிப்பொருளையும் பெருக்கவும் ஊக்குவித்தது. வயலில் தெளிக்கப்பட்டதைப் பற்றி நகரத்துத் தாய்க்கு இருந்த அச்சமும், அதைத் தெளித்துத் தானே நோயுறும் உழவரின் அச்சமும் ஒன்றையொன்று அறியாமலேயே வளர்ந்துவந்தன.

டோக்கியோவின் செடகாயா வட்டாரத்தில் 1965இல் தொடங்கிய செய்காட்சு கிளப் இந்த அச்சத்திலிருந்து நேரடியாகப் பிறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் தோற்றுவாய் பால் விலை. இடதுசாரி அரசியலில் ஈடுபட்டிருந்த இவானே குனியோ, அவர் மனைவி ஷிசுகோ ஆகியோரின் முயற்சியில் ஏறத்தாழ 200 பெண்கள் சேர்ந்து 300 பாட்டில் பாலை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்தனர், அவ்வளவுதான். மூன்றாண்டுகளுக்குப் பின், 1968இல், அது முறைப்படி நுகர்வோர் கூட்டுறவாயிற்று. மலிவுக்காகச் சேர்ந்தவர்கள், தாம் வாங்கும் பால் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கத் தொடங்கியபோது, பெரிய நிறுவனங்களிடமிருந்து விடை கிடைக்கவில்லை. விடை தேவையென்றால் பாலை மட்டும் வாங்கினால் போதாது, பால் பண்ணையோடும் பால் பதப்படுத்தும் ஆலையோடும் உறவு வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். 1970களின் இறுதியில் சிபா மாகாணத்துப் பால் உற்பத்தியாளர்களோடு சேர்ந்து முதலிட்டுச் சொந்தப் பதப்படுத்தும் ஆலையையே அமைத்தனர். ஜப்பானில் பாலை 120 முதல் 130 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று நொடிகள் சூடாக்குவதே பொதுவழக்கம். இவர்கள் பின்னாளில் 72 பாகையில் 15 நொடி சூடாக்கும் முறைக்கு மாறினர். குறைந்த சூட்டில் கிருமி நீக்கினால் பாலின் இயல்பான சுவை கெடாது; ஆனால் கறக்கும்போதே கிருமி குறைவாக இருக்கும் பாலைத்தான் அப்படிப் பதப்படுத்த முடியும். ஆகவே இந்த மாற்றம் நுகர்வோரின் விருப்பத்தைத் தொழுவத்தின் தூய்மையோடு பிணைத்துவிட்டது. ஆலை சொந்தமாக இல்லாதவர்களால் இதைக் கேட்டுப் பெற்றிருக்க முடியாது.

இக்கூட்டுறவின் அடித்தளம் 'ஹான்' எனப்படும் சிறு குழு. அக்கம்பக்கத்தில் வசிக்கும் ஏழெட்டு குடும்பங்கள் சேர்ந்தது ஒரு ஹான். ஆர்டரைத் தருவதும் சரக்கைப் பெறுவதும் தனி ஆள் அல்ல, இந்தக் குழு. ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை முட்டை, எவ்வளவு அரிசி, எத்தனை பாட்டில் சோயா சாறு என்று முன்கூட்டியே எழுதி வாங்கி, குழுவின் பொறுப்பாளர் கூட்டித் தொகுத்து அனுப்புவார். குறித்த நாளில் லாரி ஒரே வீட்டு வாசலில் மொத்தச் சரக்கையும் இறக்கிவிட்டுப் போகும். உறுப்பினர்கள் அங்கே கூடி, தராசில் நிறுத்தும் எண்ணியும் பங்கு பிரித்து, அவரவர் பையில் எடுத்துச் செல்வார்கள். கடையின் அலமாரி, குளிர்பெட்டி, விற்பனையாளர், விளம்பரம், விற்காமல் தேங்கும் சரக்கு ஆகிய ஐந்தும் இந்த ஏற்பாட்டில் இல்லை. ஆர்டர் வந்த அளவே வாங்கப்படுவதால் கழிவு மிகக் குறைவு. விளைவிப்பவருக்கோ எவ்வளவு தேவை என்பது அறுவடைக்கு முன்பே தெரியும். இவற்றோடு உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 1,000 யென் பங்கு முதலாகச் செலுத்திவந்தனர். விலகும்போது திரும்பக் கிடைக்கும் அந்தத் தொகைதான் ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் வங்கியை அதிகம் நாடாத முதலாயிற்று.

இந்த முறையின் ஆழத்தைக் காட்டப் பன்றி இறைச்சியைவிட நல்ல சான்று இல்லை. யமகாட்டா மாகாணத்தின் சகாட்டா நகரில் உள்ள ஹிராட்டா பண்ணையோடு 1970களில் செய்காட்சு கிளப் செய்துகொண்ட ஏற்பாடு, இறைச்சியை அல்ல, பன்றியை வாங்குவது. கடையில் நிற்கும் வாடிக்கையாளர் விரும்புவது முதுகுப் பகுதியின் மெல்லிய துண்டுகளையே. தோள், தொடை, வயிறு ஆகியவை தேங்கும். தேங்குவதன் நட்டத்தை ஈடுகட்ட விற்கும் துண்டின் விலை ஏறும் அல்லது வளர்ப்பவருக்குத் தரும் விலை இறங்கும். முழுப் பன்றியையும் வாங்குவதென்றால் அதன் உடலில் எந்தப் பகுதி எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்தில்தான் உறுப்பினர்களுக்குள் பங்கு போக முடியும். ஆகவே இந்த வாரம் முதுகுத் துண்டு பெற்ற வீடு அடுத்த வாரம் தொடைக் கறியை ஏற்க வேண்டும். அதை எப்படிச் சமைப்பது என்று தெரியாதவர் ஹானின் மற்றொரு பெண்ணிடம் கற்றுக்கொள்ள வேண்டும். உறுப்பினர்களின் சமையலே பன்றியின் உடற்கூற்றுக்கு ஏற்ப வளைந்தது. சந்தை என்ற ஏற்பாட்டில் பண்ணைதான் வாடிக்கையாளரின் நாக்குக்கு ஏற்ப வளையும். இங்கே அது தலைகீழாயிற்று, அதனால்தான் பண்ணை நம்பி முதலிட முடிந்தது.

விலை நிர்ணயமும் இதே போக்கில் அமைந்தது. தீவனம், கூலி, பொட்டலம், போக்குவரத்து என்று உற்பத்திச் செலவின் ஒவ்வொரு இனத்தையும் விளைவிப்பவர் திறந்து காட்ட, அதன்மேல் அவர் தொழிலைத் தொடரத் தேவையான தொகையைச் சேர்த்து விலை முடிவாகும். சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒப்பந்த காலத்துக்கு அது அசையாது. இதனால் விலை எப்போதும் கடையைவிடக் குறைவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பல நேரங்களில் அது கூடுதலாகவே இருந்தது. சந்தை விலை விண்ணை முட்டிய ஆண்டுகளில்தான் அதன் அருமை தெரிந்தது.

அரிசியில் இது இன்னும் சிக்கலானது. 1942இன் உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1995 வரை அரிசி வணிகத்தை அரசின் கையில் வைத்திருந்தது. 1969இல் அரசுக் கொள்முதலுக்கு வெளியே ஓரளவு விற்க வழி திறந்தபின்தான் இன்ன ஊரின் அரிசி வேண்டும் என்று கேட்பதே சாத்தியமாயிற்று. 1970களின் தொடக்கத்திலிருந்து, சோகாய் மலையடிவாரத்திலுள்ள யூசா என்னும் ஊரின் வேளாண் கூட்டுறவோடு செய்காட்சு கிளப் உறவு பூண்டது. எந்த ரகம், எவ்வளவு பூச்சிக்கொல்லி, எந்த விலை என்பவற்றை இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்தன. உண்போர் கூட்டுறவும் உழுவோர் கூட்டுறவும் எதிரெதிரே அமர்ந்த இந்த அமைப்பு, தனி உழவரும் தனி நுகர்வோரும் சந்திக்கும் எந்தச் சந்தையாலும் தர முடியாத பேரச் சமநிலையைத் தந்தது. 1993இன் கோடை குளிர்ந்துபோய் நாடு தழுவிய நெல் விளைச்சல் இயல்பில் 74 விழுக்காடாகச் சரிந்தபோது, அரசு 25 லட்சம் டன்னுக்கும் மேல் அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. கடைகளின் முன் வரிசைகள் நீண்டன. இப்படி விளைச்சல் பொய்க்கும் ஆண்டின் சுமையை உழவர் தனியே ஏற்கக் கூடாது என்பதற்காக, வாங்கும் அரிசியின் விலையோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துப் பொது நிதியில் போடும் ஏற்பாட்டையும் உறுப்பினர்கள் செய்துகொண்டனர். பயிர்க் காப்பீடு என்று அரசுகள் செய்வதை, உண்பவரே பிரீமியம் கட்டிச் செய்வது இது.

செய்காட்சு கிளப் பெரிய அமைப்பாக வளர்ந்த அதே காலத்தில், அதைவிடச் சிறிய, கொள்கையில் அதைவிடக் கறாரான மற்றொரு வடிவமும் தோன்றியது. கூட்டுறவு இயக்கத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இச்சிராக்கு தெருவோவின் முன்முயற்சியில் 1971இல் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் உருவாயிற்று. அச்சங்கம் வளர்த்தெடுத்த 'டெய்கெய்' என்னும் முறையில், ஒரு சில உழவர்களும் ஒரு நகர நுகர்வோர் குழுவும் இடையில் எந்த நிறுவனமும் இன்றிக் கைகோக்கின்றன. 1974இல் எழுத்தாளர் அரியோஷி சவாகோ நச்சுப் பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து விளைவிக்கும் கேட்டைப் பற்றி நாளிதழில் தொடராக எழுதியது இத்தகைய குழுக்கள் பெருக ஒரு காரணமாயிற்று. 1978இல் சங்கம் வகுத்த பத்து நெறிகளில், திட்டமிட்ட உற்பத்தி, விலையில் பரஸ்பர விட்டுக்கொடுப்பு, தாமே விநியோகம் செய்தல், அளவைப் பெருக்காதிருத்தல் ஆகியவற்றோடு, விளைந்தது அனைத்தையும் ஏற்றுக்கொள்ளுதல் என்பதும் ஒன்று.

இந்தக் கடைசி நெறியின் பொருளை வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்தால்தான் விளங்கும். குளிர்காலத்தில் வயலில் முள்ளங்கி விளைந்தால் வாரந்தோறும் முள்ளங்கிதான் வரும். அதோடு முட்டைக்கோசும் கீரையும் மண்ணோடு, புழுக்கடியோடு வரும். வளைந்ததும் சிறுத்ததும் கழிக்கப்படுவதில்லை. சந்தையில் தரம் பிரித்து ஒதுக்கப்படும் பங்கு உழவருக்கு வருவாயாக மாறுகிறது. பிரிக்கும் கூலியும் மிச்சமாகிறது. ஆனால் மண்ணைக் கழுவுவதும், மிஞ்சிய முள்ளங்கியை உப்பிட்டு ஊறவைப்பதும், காய்க்கு ஏற்ப உணவைத் திட்டமிடுவதும் வாங்குபவரின் வேலையாகின்றன. இவற்றோடு உறுப்பினர்கள் களை எடுக்கவும் அறுவடைக்கும் வயலுக்குச் சென்று உதவினர். வேதிக் களைக்கொல்லியைக் கைவிட்ட உழவருக்குக் களையெடுப்பே பெரும் செலவு என்பதால் இந்த உதவி வெறும் சடங்கன்று. எனினும் பழக்கமற்ற கைகள் பயிரையும் களையையும் பிரித்தறியாமல் பிடுங்கும் இடர் அதில் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய, நுகர்வோர் முன்பணம் செலுத்திப் பண்ணையின் விளைச்சலில் பங்கு பெறும் முறைக்கு டெய்கெய்தான் மூலம் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அங்குள்ள முதல் பண்ணைகளைத் தொடங்கியவர்கள் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் கண்ட முயற்சிகளிலிருந்து கற்று வந்தவர்கள் என்பதால், அந்தக் கூற்று ஏற்கத்தக்கதன்று.

உழவரைத் தாங்குவதும் உண்பவரைக் காப்பதும் எப்போதும் ஒரே திசையில் செல்வதில்லை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் இறக்குமதி உணவில் கிலோவுக்கு 370 பெக்கரல் வரை கதிரியக்க சீசியத்தை ஜப்பானிய அரசு அனுமதித்தது. பெக்கரல் என்பது ஒரு நொடியில் நிகழும் அணுச்சிதைவைக் குறிக்கும் அலகு. செய்காட்சு கிளப் தனக்கென அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 37 பெக்கரலை, வரம்பாக வைத்தது. உள்நாட்டுத் தேயிலை அந்த வரம்பைத் தாண்டியபோது அதன் விநியோகத்தை நிறுத்தவும் செய்தது. தேயிலை பயிரிட்டவர் செய்த தவறு எதுவும் அதில் இல்லை. 2011இல் ஃபுகுஷிமா உலைகள் உருகியபோது இதே சிக்கல் பன்மடங்காகத் திரும்பியது. அரிசியும் காய்கறியும் பாலும் தந்து பல்லாண்டுகள் உறவாடிய உற்பத்தியாளர் பலர் வடகிழக்கு, கிழக்கு மாகாணங்களில் இருந்தனர். அவர்களைக் கைவிட்டால் கூட்டுறவின் அடிப்படையே பொய்யாகும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் குழந்தைகளின் தாய்மார் விலகிவிடுவர். சரக்கைச் சோதித்து அளந்த எண்களை அப்படியே வெளியிடுவதும், 2012இல் அரசின் 100 பெக்கரல் வரம்பைவிடக் கடுமையான வரம்புகளைத் தானே வகுத்துக்கொள்வதும் அது கண்ட வழி. உறவு இருந்தால் சோதனை தேவையில்லை என்று இயற்கை வேளாண்மையாளர் சிலர் சொல்வதுண்டு. இந்த அனுபவம் அதற்கு எதிராகவே பேசுகிறது.

இவ்வளவு வேலையையும் யார் செய்தார்கள் என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாததாகிறது. ஹானின் கணக்கை எழுதியவர்களும், லாரி வரும் பகல் நேரத்தில் வீட்டில் இருந்தவர்களும், தொடைக் கறிக்குச் சமையல் குறிப்பு பரிமாறியவர்களும் ஊதியத்துக்கு வேலை செய்யாத மணமான பெண்கள். அது தற்செயலன்று. 1961இல் கொண்டுவரப்பட்ட வாழ்க்கைத்துணைக் கழிவு, குறைந்த வருவாயோ வருவாயே இல்லாத நிலையோ கொண்ட மனைவியை உடைய கணவரின் வரியைக் குறைத்தது. நிறுவனங்களின் ஊதிய முறையும் குடும்பத்தைத் தாங்கும் ஆணையே கருதியது. அந்தக் குடும்ப அமைப்பு விடுவித்துத் தந்த பகல் நேரத்தைத்தான் உணவுக் கூட்டுறவுகள் தம் மூலதனமாக்கின. செய்காட்சு கிளப்பின் நிர்வாகக் குழுக்களில் பெண்களே பெரும்பான்மையாயினர், அதன் வழி வந்தவர்கள் 1979 முதல் டோக்கியோவின் வட்டார மன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர், 1989இல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் அமைப்புக்கு வந்தது என்பவை உண்மை. அந்தப் பெண்கள் இதில் அரசியலைக் கற்றார்கள், பொதுவாழ்வில் நுழைந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூட்டுறவின் பொருளியல் கணக்கில் அவர்களின் நேரம் செலவுப் பத்தியில் எழுதப்படவே இல்லை.

வேலையை எழுதி வைத்த கூட்டுறவு ஒன்றைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1973இல் அக்கம்பக்கத்தார் சிலர் தொடங்கிய பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவு, ஏறத்தாழ 17,000 உறுப்பினர்களோடு ஒரே ஒரு கடையை நடத்துகிறது. நெடுங்காலம் அங்கிருந்த விதி, உறுப்பினர் ஒவ்வொருவரும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2 மணி 45 நிமிடம் வேலை செய்ய வேண்டும் என்பது. பாலாடைக்கட்டியை வெட்டிப் பொட்டலமிடுதல், லாரியிலிருந்து காய்ப்பெட்டி இறக்குதல், கல்லாவில் அமர்தல், பொருள் வாங்கியவரைக் கார் நிறுத்தியிருக்கும் இடம்வரை கொண்டுபோய்விட்டு வண்டியைத் திரும்பத் தள்ளி வருதல் ஆகியவை அந்த வேலைகள். மருத்துவரும் மாணவரும், ஆணும் பெண்ணும் இதிலிருந்து தப்ப முடியாது. ஒரே வீட்டில் வாழும் வயது வந்தோர் அனைவரும் உறுப்பினராக வேண்டும் என்ற விதி, வேலையை மனைவியிடம் தள்ளிவிடும் வழியையும் அடைத்தது. இந்த உழைப்பினால்தான் கொள்முதல் விலைக்கு மேல் 20 முதல் 25 விழுக்காடு மட்டும் வைத்து விற்க முடிந்தது. ஹட்சன் பள்ளத்தாக்கின் பண்ணைகளுக்குப் பெரிய, நிலையான வாடிக்கையாளராக இருக்கவும் முடிந்தது. 2020இல் பெருந்தொற்றின்போது உறுப்பினர் உழைப்பை நிறுத்தி வைத்துக் கூலிக்கு ஆள் எடுக்க நேர்ந்தபோது, அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த அந்த உழைப்பின் மதிப்பு நட்டக் கணக்காக வெளிப்பட்டது. பின்னர் வேலைமுறை ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று தளர்த்தப்பட்டுத் திரும்பியது. முறை கடுமையானது, அது உறுப்பினரை ஓட்டுகிறது என்ற குறை அங்கே எப்போதும் உண்டு. ஆனால் யார் எவ்வளவு செய்கிறார் என்பது அங்கே ஏட்டில் இருக்கிறது.

ஜப்பானில் அப்படி ஏட்டில் இல்லாததன் விளைவு 1990களில் தெரிந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள், கணவன் மட்டும் சம்பாதிக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையை அந்தப் பத்தாண்டில் தாண்டின. பகலில் வீட்டில் ஆள் இல்லாதபோது லாரி யாரிடம் சரக்கை இறக்கும்? ஹான்கள் மெலிந்தன, தனி வீட்டு வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போகும் தனிநபர் விநியோகம் நுகர்வோர் கூட்டுறவுகள் எங்கும் மேலோங்கியது. ஒரு வீட்டின் ஆர்டரை மட்டும் பொட்டலமிடுவதற்கு இயந்திரமும் கூலியும் வேண்டும். பங்கிடும்போது நடந்த பேச்சு இல்லாததால் தொடைக் கறியை ஏற்கச் சொல்வதும் கடினமாயிற்று. டெய்கெய் குழுக்களுக்கு இடி இன்னும் கடுமையாக விழுந்தது. 1975இல் குடிமக்கள் இயக்கமாகத் தோன்றி நிறுவனமாக மாறிய டைச்சி வோ மமோரு காய் போன்றவை வீட்டுக்கே இயற்கைக் காய்கறி கொண்டுவந்தன. 2000களின் தொடக்கத்தில் அரசின் இயற்கை வேளாண் முத்திரை வந்தபின் சூப்பர் மார்க்கெட்டிலேயே அது கிடைத்தது. முத்திரை இருக்கும்போது உழவரை அறிய வேண்டியதில்லை; அறிய வேண்டாத இடத்தில் முள்ளங்கியை வாரந்தோறும் ஏற்கவும் வேண்டியதில்லை.

செய்காட்சு கிளப் இன்று ஏறத்தாழ 4 லட்சம் உறுப்பினரோடு நிற்பதற்கு, வேலையைக் கூலியாக மாற்ற அது முன்பே தொடங்கியிருந்தது ஒரு காரணம். 1982இல் யோகோஹாமாவில் உறுப்பினர்களான பெண்கள் 'நின்ஜின்' என்ற பெயரில் ஒரு தொழிலாளர் கூட்டமைப்பைத் தொடங்கினர். தாமே முதலிட்டு, தாமே முடிவெடுத்து, தாமே வேலை செய்யும் இவ்வகைக் குழுக்கள், ஹானில் சேர முடியாதவர்களுக்காகத் திறக்கப்பட்ட 'டெப்போ' என்னும் சிறு கடைகளை நடத்தின. பின்னர் உணவு சமைத்து வழங்குதல், முதியோர் பராமரிப்பு, சரக்கு விநியோகம் என்று விரிந்தன. இவற்றில் பெற்ற ஊதியம் குறைவு. வாழ்க்கைத்துணைக் கழிவின் வரம்புக்குள் இருக்கவே பலர் விரும்பினர் என்பதால் அது குறைவாகவே நீடித்தது. மலிவான பெண் உழைப்புக்கு அழகான பெயர் சூட்டியதாகப் பெண்ணிய ஆய்வாளர்கள் இதைக் கண்டித்ததும் உண்டு. இத்தகைய குழுக்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லாததால் அவை வேறு வேறு சட்ட உருக்களில் ஒதுங்கி நின்றன. 2020 டிசம்பரில் ஜப்பானிய நாடாளுமன்றம் தொழிலாளர் கூட்டுறவுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. உறுப்பினரே உரிமையாளராயினும் அவரோடு வேலை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும், குறைந்தபட்ச ஊதியம் உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்கள் அவருக்கும் பொருந்தும் என்று அச்சட்டம் சொல்கிறது. அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளும் குழுக்களில், அரை நூற்றாண்டாக முள்ளங்கியின் விலைக்குள் மறைந்திருந்த உழைப்பு இனி அந்த விலையில் தனி இனமாக எழுதப்பட வேண்டும். அதைச் சேர்த்தபின் வரும் தொகையை உறுப்பினர் ஏற்பார்களா, யூசாவின் உழவருக்கும் சகாட்டாவின் பண்ணைக்கும் முன்பு போலவே உறுதி தர முடியுமா என்பவை அந்தக் கூட்டுறவுகளின் பொதுக்குழுக்களில் ஆண்டுதோறும் பேசித் தீர்க்க வேண்டியவையாக இருக்கின்றன.